முதலில் படி, பிறகு பழுது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தறியை நிமிர்ந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியின் பக்கத்தில், நூலால் கோத்த அட்டைகள் மாலையாகத் தொங்கும். நெசவாளர் மிதியை மிதிக்கும்போதெல்லாம் புதிய அட்டை ஒன்று பெட்டிக்கு எதிரே வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும்; அதோடு சேர்ந்த ஊக்கு எழும்பும்; அதில் கட்டிய பாவு இழைகளும் எழும்பும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், இழை கீழேயே கிடக்கும். எழுந்த இழைக்கும் கிடக்கும் இழைக்கும் நடுவே நாடா ஓடினால் ஓர் ஊடை விழுந்தது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. மயிலும் அன்னமும் யாளியும் ருத்ராட்சக் கரையும் இப்படி ஒவ்வோர் ஊடையாகத்தான் பட்டில் ஏறுகின்றன.

240 ஊக்குப் பெட்டி என்றால், ஓர் அட்டையில் 240 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டே விடை: துளை உண்டு, இல்லை. கணினிக்காரர் இதை 240 பிட் என்பார். எட்டால் வகுத்தால் 30 பைட். 2,000 அட்டை பிடிக்கும் பெரிய முந்தானை டிசைனின் முழுச் செய்தியும் 60,000 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கைபேசியில் எடுக்கும் சாதாரணப் படம் ஒன்று ஏறத்தாழ 30 லட்சம் பைட் இருக்கும்; அதில் ஐம்பதில் ஒரு பங்கு இது. கணினியில் படமாகவும் நிறங்களோடும் சேமிக்கும்போது கோப்பு பெருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு டிசைன்காரர் வாழ்நாள் முழுக்க வரைந்தவை எல்லாம் விரல் நீளப் பென் டிரைவ் ஒன்றில் இடம் மிச்சம் வைத்து உட்கார்ந்துவிடும். இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். கையில் காசில்லாத நேரத்தில் கணினியின் ஹார்ட் டிஸ்க் படுத்தால் கைகொடுப்பது இதுதான்.

கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து அட்டை அடித்த வேலையில் பெரும்பகுதி இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டது. திருத்துவதும் எளிது, நிறம் மாற்றிப் பார்ப்பதும் எளிது. ஆனால் அட்டைக்கு இருந்த ஒரு குணம் போய்விட்டது. அட்டை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்த ஓர் அட்டையை மட்டும் மறுபடி அடித்துக் கோத்தால் போதும். ஹார்ட் டிஸ்கில் கிழிவது கண்ணுக்குத் தெரியாது, ஒற்றை அட்டையாகவும் கிழியாது. இன்றைய டிஸ்க் தன் தகவலை 4,096 பைட் கொண்ட துண்டுகளாக எழுதுகிறது. அந்தத் துண்டுக்கு செக்டார் என்று பெயர். ஒரு செக்டார் கெட்டால் நம் கணக்கில் 136 அட்டைகள் ஒரே நொடியில் போனது போல.

500 ஜிபி டிஸ்கை அட்டையாக்கினால் 1,600 கோடிக்கு மேல் வரும். அட்டை ஒன்று ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்து அடுக்கினால் 16,000 கிலோமீட்டரைத் தாண்டும். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான். அத்தனையும் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கிறது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று தெரிந்தால், அது ஏன் இவ்வளவு எளிதில் நோய்ப்படுகிறது என்பதும், நோய்ப்பட்டபின் எதைச் செய்யக்கூடாது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

ஜக்கார்டு என்பவரின் அட்டைத் தறி பிரான்சில் 1804 வாக்கில் வந்தது. துளையில் செய்தி சொல்லும் அந்த எண்ணத்தைத் தன் கணக்கீட்டு இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டார் சார்லஸ் பாபேஜ். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் ஐபிஎம்மின் ஒரு பகுதியானது. அதே ஐபிஎம்தான் 1956இல் முதல் ஹார்ட் டிஸ்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தாங்கிய ராமாக் என்ற கணினியின் டிஸ்க் பெட்டிக்குள் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. நம் 240 ஊக்கு அட்டையில் சொன்னால் 1,25,000 அட்டை. தறியில் பிறந்த துளையட்டை கணினிக்குப் போய், காந்தத் தட்டாக மாறி, இப்போது டிசைன்காரரின் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இந்தச் சுற்றுப்பயணம் அலுப்பதே இல்லை.

ராமாக்கில் எழுதும் தலை தட்டிலிருந்து சுமார் 20 மைக்ரான் உயரத்தில் நின்றது. பட்டுப்புழு கக்கும் இழையைப் பிரித்தால் ஒற்றை இழை பத்து மைக்ரான் அளவில் இருக்கும். ஆக இரண்டு இழை உயரம். இன்றைய டிஸ்கில் அந்த இடைவெளி ஐந்து நானோமீட்டருக்குள் சுருங்கிவிட்டது. அதே பட்டிழையை இரண்டாயிரமாகச் சீவினால் ஒரு சீவல் எவ்வளவோ, அவ்வளவு. மேசைக் கணினியின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. தட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு அடியில் ஓடுகிறது. தலையைத் தாங்குவது தூணோ கம்பியோ அல்ல. சுழலும் தட்டு இழுத்து வரும் காற்றுப் படலம்தான் அதை மிதக்க வைக்கிறது.

படிப்பதும் வியப்பான வேலைதான். தட்டின் மேல் பூசிய கோபால்ட் கலவைப் படலத்தில் நுண்ணிய காந்தப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் காந்தமும் ஏதாவது ஒரு திசையில் நிற்கும். அந்தக் காந்தப்புலம் மிக மெல்லியது. அதை உணரும் தலைக்கு வழி காட்டியவர்கள் ஆல்பெர் ஃபெர், பீட்டர் க்ரூன்பெர்க் என்ற இருவர். சில அணுக்களே கனமுள்ள உலோகப் படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், சிறிய காந்தப்புலத்துக்கே அவற்றின் மின்தடை பெரிதாக மாறுகிறது என்று 1988இல் இருவரும் தனித்தனியே கண்டார்கள். ஒன்பதே ஆண்டில் அந்த இயற்பியல் கடையில் விற்கும் டிஸ்குக்குள் வந்துவிட்டது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மின்வெட்டுக்கு இந்தப் பெட்டி எப்படி ஈடுகொடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் காற்றுப் படலம் அடங்கும்; தலை தட்டின் மேல் இறங்கினால் இரண்டுக்கும் கேடு. அதனால் கரண்ட் போன கணத்தில் டிஸ்கின் மோட்டார் தானே ஜெனரேட்டராகிறது. தட்டில் மிச்சமிருக்கும் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. நாம் இருட்டில் டார்ச் தேடி எழுந்திருப்பதற்குள் அது முடிந்துவிடும். ஆனால் பாதி எழுதிக்கொண்டிருந்த கோப்பை இந்த ஏற்பாடு காப்பாற்றாது, அடிக்கடி நடந்தால் தேய்மானமும் உண்டு. பழைய யுபிஎஸ் ஒன்றுக்கு பேட்டரி மாற்றி வைப்பது வீண் செலவே அல்ல.

அதிர்வு இன்னொரு பகை. 2008 கடைசியில் சன் என்ற கணினி நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், டிஸ்குகள் அடுக்கிய அலமாரிக்கு நேரே நின்று கத்தினார். அந்தக் கத்தலுக்கே டிஸ்குகள் பதில் சொல்லும் நேரம் எகிறியதைத் திரையில் காட்டினார். தட்டின் மேல் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே இருப்பது நானோமீட்டர் கணக்கு இடைவெளி. தலை தடத்திலிருந்து துளி விலகினாலும் எழுதுவதை நிறுத்தி, அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். தறி ஓடும் அறையில், அதுவும் விசைத்தறி ஓடும் கட்டடத்தில், தறியோடு ஒட்டிய பலகையில் கணினியை வைக்காதீர்கள். தனி மேசை, அடியில் கனமான ரப்பர் விரிப்பு. இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

இப்போது நோய்க்கு வருவோம்.

தட்டின் ஓர் இடம் மெலிந்துபோனால் டிஸ்க் உடனே அலறாது. ஒவ்வொரு செக்டாரோடும் பிழை திருத்தும் உபரித் தகவல் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. சில பிட் தவறினாலும் கணக்குப் போட்டுச் சரியானதை மீட்டுத் தந்துவிடும். மீளாவிட்டால் மறுபடி படிக்கும், தலையை ஒரு நூலளவு நகர்த்திப் படிக்கும், திரும்பத் திரும்பப் படிக்கும். அந்த நேரத்தில்தான் திரை உறைந்து நிற்கிறது, மவுஸ் நகர மறுக்கிறது, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. ஒருவழியாகப் படித்துவிட்டால், அந்த மோசமான இடத்தைக் கைவிட்டு, தொழிற்சாலையிலேயே ஒதுக்கி வைத்த உபரி செக்டார் ஒன்றை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும். விண்டோஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வருமானம் குறைந்ததை வீட்டில் சொல்லாமல் சேமிப்பில் கை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரைப் போல, இருப்பு தீரும்வரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே டிஸ்க் காட்டிக்கொள்கிறது.

ஆனால் கணக்குப் புத்தகம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் எதைக் கொண்டும் அதைத் திறந்து பார்க்கலாம். பட்டியல் நீளமாக இருக்கும். முதலில் நான்கு வரி போதும். 5ஆம் எண், இதுவரை மாற்றி வைத்த செக்டார்கள். 197ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198ஆம் எண், மீட்கவே முடியாதவை. 199ஆம் எண் வேறு ஜாதி: அது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் கெட்டுப்போன எண்ணிக்கை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இவை 05, சி5, சி6, சி7 என்று தெரியும். பயப்பட வேண்டாம், எண் எழுதும் முறைதான் வேறு.

199 மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். டிஸ்க் நலம், பெரும்பாலும் அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். மதிய உணவுக் காசில் புதுக் கேபிள் வாங்கிவிடலாம். பழைய எண்ணிக்கை அழியாது. கேபிள் மாற்றியபின் மேலும் ஏறாமல் நின்றால் நோய் தீர்ந்தது. டிஸ்கே தெரியவில்லை என்றாலும் முதலில் கேபிளையும், மதர்போர்டில் வேறு சாட்டா வாயையும், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல டிஸ்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

5, 197, 198 ஆகியவற்றில் எண் விழுந்தால் கதை வேறு. கூகுள் நிறுவனம் தன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது செத்துப்போகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்கைவிட 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு உண்மையும் இருந்தது, அது என்னை அதிகம் கலக்கியது. செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான இந்த எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

காதும் ஒரு கருவி. சீரான இரைச்சல் இயல்பு. தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஒதுங்கி வரும்போது 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் கேட்கும். தட்டு சுற்ற முடியாமல் திணறினால் மெல்லிய பீப் ஒலி. தேய்க்கும் கீச்சொலி கேட்டால் தலை தட்டில் உரசிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சு தூளாகிறது. நொடிக்கு 120 சுற்று. 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று சொல்லி ஒரு நிமிடம் ஓடவிட்டால் 7,200 முறை உரசும். கீச்சொலியோ டக்டக்கோ கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. தூசி வடித்த அறையில் டிஸ்கைத் திறந்து தலையை மாற்றித் தகவல் மீட்கும் நிலையங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. செலவு பெரும்பாலும் டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். இன்று கையில் காசில்லை என்றால் டிஸ்கை அணைத்து, உலர்ந்த பெட்டியில் வைத்து, ஆறு மாதம் கழித்துக்கூட எடுத்துப் போகலாம். ஓடாத டிஸ்க் மேலும் கெடுவது அரிது. ஓடும் டிஸ்க்தான் கெட்டுக்கொண்டே போகும்.

செலவைச் சுருக்க என்று சொல்லப்படும் சில கைவைத்தியங்கள் டிஸ்கைக் கொன்றே விடும். பிரிட்ஜில் வைப்பது: வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் தட்டின் மேல் துளியாகப் படியும். திறந்து பார்ப்பது: ஒரு மைக்ரான் தூசி, தலை மிதக்கும் இடைவெளியைப் போல இருநூறு மடங்கு, பட்டுத்தூள் மிதக்கும் தறி வீட்டில் சொல்லவே வேண்டாம். அதே மாடல் டிஸ்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவது: பழைய டிஸ்குகளில் பலித்தது, இப்போது ஒவ்வொரு டிஸ்கின் தலைக்கும் உரிய நுண்ணளவுகள் அதனதன் போர்டில் எழுதப்பட்டிருக்கின்றன, அந்தச் சில்லை மாற்றிப் பற்றவைக்காமல் பயனில்லை. நான்காவது, ஆகக் கெட்டது, நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது: விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டுவது. அது கோப்பு அட்டவணையைச் சீராக்குவதற்காக டிஸ்கில் எழுதும். நோயுற்ற டிஸ்கில் எழுதினால் மிச்சமிருக்கும் நல்லதையும் தவறாகச் சீராக்கிவிடலாம். அது டிஸ்கை ஓயாமல் துருவவும் செய்யும். ஏதாவது கோப்புகள் திரும்பவும் தெரிந்தால் அது தற்செயல்.

இங்கேதான் படி எடுத்து வைக்கும் நம் முன்னோரின் பழக்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலை 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பினான். சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளில் அவனுடைய பட்டப்பெயர்கள் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே பட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவத்தில் வருகிறது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் மழையில் கரைந்து, சிற்பங்களின் முகம் அழிந்து, பூச்சால் மூடப்பட்ட இடங்களும் உண்டு. அப்படியும் பெயர்களைப் படிக்க முடிந்தது. மன்னன் புகழ்ச்சிக்காகவே செய்திருக்கலாம். விளைவு என்னவோ, ஓரிடத்தில் அழிந்தது இன்னோரிடத்தில் கிடைத்தது.

இதைவிடத் தெளிவான முன்மாதிரி கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிக்காவலில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி அந்த ஊர்ச் செங்கல் கோயிலைக் கற்றளியாக மாற்றினார். பழைய கட்டுமானத்தைப் பிரிக்கும்போது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். இது பழைய கல்வெட்டின் படி என்ற குறிப்பும் கூடவே வெட்டப்பட்டது. தானம் கொடுத்தவர்களின் கணக்கு அப்படித்தான் இன்றுவரை தப்பியிருக்கிறது. படி எடுக்காமல் இடித்திருந்தால் பழைய நிலமும் விளக்கும் ஆடும் யார் கொடுத்தவை என்றே தெரியாமல் போயிருக்கும்.

டிஸ்கிலும் வரிசை இதுவேதான். முதலில் படி, அப்புறம்தான் பழுது பார்ப்பது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாலும் இதை வாய்விட்டுக் கேளுங்கள்: 'ஃபார்மட் பண்ணாதீங்க, செக்டிஸ்க் போடாதீங்க, முதல்ல படி எடுத்துக் குடுங்க.'

படி எடுப்பதற்கான நல்ல கருவி காசில்லாமலே கிடைக்கிறது. டிடிரெஸ்க்யூ என்று பெயர். அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய கட்டற்ற மென்பொருள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இதை ஓட்டலாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். கூப்பிட்டு உட்கார வையுங்கள். விண்டோஸைத் தொடவே விடாததுதான் இந்த வழியின் முதல் லாபம். விண்டோஸ் எழுந்த கணமே அது டிஸ்கில் ஆயிரம் இடத்தில் எழுதத் தொடங்கும்.

டிடிரெஸ்க்யூவின் அறிவு அது செல்லும் வழியில் இருக்கிறது. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டால், கெட்ட இடம் வந்ததும் கணினி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். முட்டும் ஒவ்வொரு கணமும் தலைக்கு வேதனை. அதற்குள் டிஸ்க் செத்துவிட்டால், அதற்கப்பால் இருந்த நல்ல இடங்களும் படிக்கப்படாமலே போகும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைக் கண்டதும் தாண்டிக் குதித்து அப்பால் போய்விடும். எளிதில் வருவதை எல்லாம் முதல் ஓட்டத்தில் அள்ளிக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து, தாண்டிய இடங்களின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியில்தான், டிஸ்கில் உயிர் மிச்சமிருந்தால், கெட்ட நடுவைச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அதனால் டிஸ்க் சூடேறினால் நிறுத்தி ஆறவிட்டு, நாளைக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மே மாத வெயிலில் மின்விசிறிக்கு நேரே வைத்து, இரவில் ஓட்டுவது நல்லது. தொடங்குமுன் எது மூல டிஸ்க், எது காலி டிஸ்க் என்று இரண்டு பேர் சேர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் மூலத்தின் மேல் படியும்.

முழு டிஸ்கையும் படி எடுக்க அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் ஸ்மார்ட்டில் 9ஆம் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடிய மணி நேரம். ஆண்டுக்கு 8,760 மணி. 40,000 என்று காட்டினால் நாலரை ஆண்டு இடைவிடாமல் ஓடியது. படியை ஏற்றி, அதிலிருந்து வேண்டியதைப் பிரித்து எடுக்கும்வரை தாங்கினால் போதும் என்ற வேலைக்கு அதுவும் உதவும். நிரந்தர வைப்புக்கு வேண்டாம்.

அதற்கும் காசில்லை என்றால் தொடக்கத்தில் போட்ட அட்டைக் கணக்குக்கு வாருங்கள். 500 ஜிபியில் பெரும்பகுதி விண்டோஸ், மென்பொருள், சினிமா. இவை எல்லாம் மறுபடி கிடைக்கும். மறுபடி கிடைக்காதவை, உங்கள் கையால் வரைந்த டிசைன், பாவு–ஊடைக் கணக்கு, கூலிப் பாக்கி, குடும்பப் படம். லினக்ஸில் டிஸ்கை எழுதவிடாமல், படிக்க மட்டும் திறந்து, டிசைன் கோப்புறையை மட்டும் பென் டிரைவுக்குப் படி எடுங்கள். முதலில் மற்றவர் யாரிடமும் இல்லாதது, பிறகு சங்கத்திலோ வாங்கிய கடையிலோ ஒரு பிரதி இருக்கக்கூடியது, பிறகு மற்றதெல்லாம். எவ்வளவு நேரம் டிஸ்க் உயிரோடு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வரிசையை முன்னாடியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கோப்பு அட்டவணையே சிதைந்திருந்தால், கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு இலவசக் கருவிகள் உண்டு. இவற்றையும் படியின் மேல்தான் ஓட்ட வேண்டும், மூலத்தின் மேல் அல்ல.

படி பத்திரமான பிறகு பழைய டிஸ்கை முழுக்கப் பூஜ்யத்தால் எழுதிப் பார்ப்பது உண்டு. காத்திருந்த செக்டார்கள் அப்போது ஒன்று தேறும், இல்லையேல் உபரிக்கு மாறும். அதன் பிறகு எண்கள் அசையாமல் நின்றால் சினிமா பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். டிசைனை மறுபடி அதில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

புதிதாக வாங்கும்போது எஸ்எஸ்டி வாங்குவதா என்ற கேள்வி வரும். வாங்குங்கள், சின்ன அளவு போதும். சுழலும் தட்டு இல்லை, தறியின் அதிர்வு அதைத் தொடாது, பழைய கணினிக்கும் வேகம் வரும். ஆனால் அது டக்டக் என்று எச்சரிக்காமல் ஒரு காலையில் காணாமலே போகும் குணமுடையது. அதற்குள் தகவல் இருப்பது நுண்ணறைகளில் சிறைப்பட்ட மின்னேற்றமாக. கரண்ட் கொடுக்காமல் பல ஆண்டு பூட்டி வைத்தால், வெப்பத்தில் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். பென் டிரைவும் இதே குடும்பம்தான்.

ஆகவே ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றை வேறு தெருவில் உறவினர் வீட்டிலும் வையுங்கள். 2015 வெள்ளத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் நனைந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வீடு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்குத் தறியையும் கணினியையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்று அந்தப் பென் டிரைவுகளைச் செருகி, நான்கைந்து டிசைனைத் திறந்து, கரையும் முந்தியும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட்டின் 5, 9, 197, 198, 199 ஐந்து எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கணினிக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு பக்கத்தில் புது எண்ணை எழுதும்போது, எது ஏறியிருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.